தண்ணீர் சுத்தமாக இருந்தது

1

என் ஊர் மன்னார்குடியிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அங்க இன்னும் அம்பு விடுறாங்களா?" இத்தனை வருடமாகப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் வீடு அந்தமானில், போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே அம்பு விடுகிறவர்கள் யாரும் இல்லை. குழாயில் தண்ணீர் வராத காலையில் இந்தி, வங்காளி, தெலுங்கு, தமிழ் என்று நான்கு மொழியில் ஏசுகிறவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி.

பள்ளித் தோழி ஒருத்தி எங்கள் பள்ளிக்கு ஆண்டு மலர் போடுகிறாளாம், கட்டுரை கேட்டாள். கடல், தேங்காய், சூரியோதயம் எல்லாம் வரட்டும் என்றாள். மன்னிக்க வேண்டும், இதில் அவை வராது. மனசு அங்கே இல்லை.

சென்னையில் கப்பல் ஏறி நான் இங்கே வந்து இறங்கிய நாள் இந்த வாரம் வந்துபோனது. எங்கள் வீட்டில் கல்யாண நாளைவிட இதற்குத்தான் மரியாதை. கல்யாண நாளை என் கணவர் செல்வராஜ் பலமுறை மறந்திருக்கிறார். கப்பல் நாளை மறந்ததே இல்லை. அன்றைக்கு ஒரு பெரிய டப்பா ஜிலேபி வாங்கிக்கொண்டு என் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். எல்லோருக்கும் கொடுப்பார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஒரு டியூப் ரத்தம் கொடுப்பார்.

"என்னா கலா, நம்ம சரக்கு எப்புடி? ஃபஸ்ட் கிளாஸா?"

"ஆடாம உக்காருங்க. ஊசி நரம்பு தவறிடும்."

ஏன் ரத்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தீவுகளில் மெயின்லேண்டுக்குப் போகிற யாரும் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். திரும்பி வர இடம் கிடைக்காமல் சென்னையில் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கிடந்த அனுபவம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. ஆனால் செல்வராஜ் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு. என் அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் அழுதுகொண்டே பை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏஜெண்டிடம் போனில், "போறது இருக்கட்டும் பாய், வாப்ஸ் கா டிக்கெட் பெஹ்லே கன்ஃபர்ம் பண்ணு" என்று வாதாடிக்கொண்டிருந்தார். பிணம் காத்துக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு வருகிற டிக்கெட்தான் முக்கியமா என்று ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் அதற்குக் காரணம் சொன்னார், அது பின்னால் வரும்.

2

செல்வராஜின் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கேதான் இவர் பிறந்தார். இப்போது தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. நான் முதல்முதலாக ரத்தம் சேகரிக்கத் தெற்கே போனபோது, மூன்றாம் வகுப்பு பங்க் படுக்கையில் வாந்தி எடுத்துச் சாகக் கிடந்த எனக்கு எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்புத் தடவிக் கொடுத்தவர் இவர்தான். "மேடம், கடல பாக்காதீங்க, தூரத்துல இருக்க மேகத்த பாருங்க" என்றார். மேகத்தைப் பார்க்கிற சாக்கில் இவரைப் பார்த்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். சாதி விட்டுச் சாதி என்று எங்கள் தெருவே ஒரு வருடம் அதைத்தானே பேசியது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி என்கிற வைரஸ் சில குடும்பங்களில், சில தீவுகளில், தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆள் பாட்டுக்கு ஓடியாடி வேலை செய்வார், பிள்ளை பெறுவார். உள்ளே அந்த வைரஸ் தன் மரபணுவில் ஒரு துண்டை நம் மரபணுவுக்குள் செருகிவிடும். எங்கே செருகுகிறது என்பதுதான் விஷயம். சும்மா கிடக்கும் இடத்தில் விழுந்தால் பாதகமில்லை. செல்லுக்கு வயதாகாமல் பார்த்துக்கொள்கிற மரபணுவுக்குப் பக்கத்தில் விழுந்தால், அந்த ஒரு செல் சாக மறுக்கும். பெருகும். புற்றுநோய் அங்கிருந்து தொடங்கும். அந்தச் செருகல் எந்தெந்த இடங்களில் விழுகிறது, ரத்தத்தில் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்று தேடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதை நாங்கள் 'நார்மல்' என்போம். அது சுத்தமாக இருந்தால்தான் மற்றவர்களிடம் தெரிவதை நம்பலாம். உலகம் முழுக்க எங்கள் தொழிலில் உள்ளவர்கள் இதற்குத் தங்கள் ரத்தத்தையும், பக்கத்து மேஜைக்காரர் ரத்தத்தையும், வீட்டுக்காரர் ரத்தத்தையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நானும் முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கிற அட்டைச் சோதனை செய்து, நெகட்டிவ் என்று வந்த பிறகு, கணவரை நார்மலாக நியமித்தேன். வருடா வருடம் கப்பல் நாளில் ஒரு டியூப். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் அவருக்கென்று ஒரு வரிசை.

அவருக்கு அதில் ஏகப் பெருமை. துறைமுகத்தில் நண்பர்களிடம், "கேன்சர் ரிசர்ச்சுல நாந்தான் நார்மல். நீங்கள்லாம் என்னைய வச்சுத்தான் அளக்கணும்" என்பார்.

3

போன மழைக்காலத்தில் புதிய முறை ஒன்றைத் தொடங்கினோம். பழைய முறைக்கு எட்டாத மிகச் சிறிய அளவு வைரஸைக்கூட இது பெருக்கிக் காட்டிவிடும். முடிவை ஒரு தட்டையான ஜெல்லில் ஓடவிட்டு, விளக்கடியில் பார்ப்போம். வைரஸ் இருந்தால் கோடு தெரியும். வரிசையாக நோயாளிகள், அடுத்து நார்மல், கடைசியில் ரத்தமே இல்லாத வெறும் தண்ணீர். தண்ணீரில் கோடு வந்தால் நம் மருந்துகளோ கையோ அழுக்கு என்று அர்த்தம்.

நார்மலில் கோடு வந்தது. மங்கலாக, ஆனால் கோடுதான்.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம். என் ஆய்வு மாணவி மௌசுமி, டிக்லிபூர் பக்கத்து வங்காளிப் பெண், கெட்டிக்காரி. அவளை நிற்க வைத்துக் கேட்டேன்.

"க்ளவ்ஸ் மாத்தாம தொட்டியா?"

"நஹீ மேடம், ஹர் டியூப் கே பாத் சேஞ்ச் கியா." ஒவ்வொரு டியூப்புக்கும் மாற்றினாளாம்.

"அப்புறம் எப்படி வரும்? கன்டாமினேஷன் ஹை. ஸப் ஃபேங்க் தோ."

எல்லாவற்றையும் கொட்டினோம். மேஜையைப் பிளீச் போட்டுக் கழுவினோம். புதிய மருந்துக்கு எழுதிப் போட்டோம். மெயின்லேண்டில் இரண்டு நாளில் கிடைக்கிற பெட்டி, இங்கே வந்து சேருவதற்குள் உள்ளே வைத்த ஐஸ் கரைந்து கெட்டுப்போனது. மறுபடி எழுதினோம். அதற்கு வேறு அனுமதி, வேறு கையெழுத்து. பெட்டி வந்ததும் மறுபடி ஓட்டினோம். நார்மலில் கோடு. மறுபடி மௌசுமிக்குத் திட்டு. அந்தப் பெண் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சுத்தமாக இருந்தது.

மருந்து அழுக்கென்றால் தண்ணீரிலும் கோடு வந்திருக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முதல் வாரம் வருகிற மாணவிக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். அந்தக் காலி இடத்தை என் கண் பார்த்தது. புத்தி அதற்குள் போகவில்லை. நார்மலில் தெரிகிற கோடு தவறு என்று பழகிப்போன தலை, வேறு எதையும் யோசிக்க மறுத்தது. அதிலும் காலையில் இருபது கிலோ சூரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்காமல் மேடேறி வருகிற மனிதர் அவர். அட்டைச் சோதனை வேறு நெகட்டிவ். வைரஸ் மிகக் குறைவாகப் பதுங்கியிருந்தால் அட்டைக்குத் தெரியாது என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அது மற்றவர்களைப் பற்றி எழுதியது.

கடைசியில் எரிச்சலில், என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து நார்மலாக வைத்து ஓட்டச் சொன்னேன். சுத்தமாக வந்தது. மௌசுமி என்னைப் பார்த்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டு, "சாப்பிடப் போ" என்றேன்.

அவள் போனதும் ஃப்ரீசரைத் திறந்து அவருடைய பழைய டியூப்களை எடுத்தேன். கல்யாணமான புதிதில் எடுத்தது முதல் போன வருடம் வரை, எல்லாவற்றிலும் கோடு வந்தது. ஆக, எனக்கு முன்னாலேயே அது அவரோடு இருந்திருக்கிறது. பிறகு மெயின்லேண்டில் ஒரு கூடத்துக்கு அனுப்பி, செருகல் இருக்கிறதா என்று மரபணு வரிசையைப் படிக்கச் சொன்னேன். பழைய டியூப்களில் செருகல் இல்லை. போன வருடத்து டியூப்பில் இருந்தது. நான் மேலே சொன்ன, செல்லைச் சாகவிடாத அந்த மரபணுவின் வாசலில். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. ஒரு செல்லின் பிள்ளைகள் பெருகியிருந்தால்தான் ரத்தத்தில் அப்படித் தெரியும்.

பயந்துபோனேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 

4

மகள் திவ்யா சென்னையில் படிக்கிறாள். முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன், உடனே பரிசோதனை செய்துகொள் என்று. பிறந்ததுமே தடுப்பூசி போட்ட பிள்ளை, ஒன்றும் இல்லை என்று வந்தது. "மம்மி, டென்ஷன் மத் லோ யார்" என்று இந்தியில் எனக்குத் தைரியம் சொன்னாள். இங்கே பிறந்ததால் அவள் ஹாஸ்டலில் தமிழ்ப் பெண்கள் அவளை இந்திக்காரி என்கிறார்களாம். இங்கே வந்தால் மெயின்லேண்ட்காரி. அப்பாவைப் பற்றி நான் சொன்னதும் இந்தி நின்றுபோனது. பிறகு தமிழில், தட்டுத் தடுமாறி, "அப்பாக்கு... பயம் இருக்குதா?" என்று கேட்டாள். என் மகள் தமிழ் பேசினால் விஷயம் பெரிசு என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் சொன்னபோது தட்டில் சோறு போட்டிருந்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "நான் குடிக்கலையே கலா" என்றார்.

அது அவருடைய வாழ்க்கையின் ஒற்றை வாக்குமூலம். அவர் அப்பாவுக்கு நாற்பது வயது தாண்டியதும் வயிறு வீங்கியது. தோட்டத்தில் எல்லோரும் சாராயம் என்றார்கள். போர்ட் பிளேரில் முடியாதென்று கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். கப்பல் ஏறுகிற ஜெட்டியில் சிறு பிள்ளையாக நின்றுகொண்டிருந்த செல்வராஜ், அப்பா எப்போது திரும்புவார் என்று கேட்டிருக்கிறார்.  நோயாளிக்கு எந்தத் தேதிக்கு வருகிற டிக்கெட் போடுவது? பின்னொரு கப்பலில் அம்மா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து இவருக்கு இரண்டு விரதம். சாராயத்தைத் தொடுவதில்லை. திரும்பி வருகிற டிக்கெட் இல்லாமல் தீவை விட்டுப் போவதில்லை.

மாயாபந்தரில் இருக்கும் அவர் அக்கா சரோஜாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

"அண்ணி, ஒங்க அப்பாவுக்கும் இதே வைரஸ் இருந்திருக்கலாம். அம்மாகிட்டேயிருந்து உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம்."

"என்னா கலா பேசுற நீ? எங்கப்பா குடிச்சாரு, வயிறு வீங்குச்சு, செத்தாரு. சிலோன் தோட்டத்து லயத்துல இருந்த காலத்துலேர்ந்து குடி. எங்கம்மா பாவம், அவ என்னா செஞ்சா? அவ மேல பழிய போடாத."

"பழி இல்ல அண்ணி. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"தம்பி, நீ கல்லு மாதிரி இருக்கடா. படிச்சவங்க ஊசி போட்டுப் பாத்தா எல்லாரும் நோயாளிதான். சல்தா ஹை, விடு."

தம்பி சிரித்தார். போனை வைத்த பிறகு தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

5

அடுத்தது ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், அங்கே எல்லோரும் தங்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். மறுபடி அட்டைச் சோதனை செய்தார்கள். நெகட்டிவ். ரத்தத்தில் புற்றுக்கான குறியீடு பார்த்தார்கள். அதுவும் சாதாரணம். கவுண்டரில் நான் படபடப்பில் என் கணவர் என்பதை இந்தியில் "மேரி பதி" என்று சொல்ல, கிளார்க் முதலில் "மேரே" என்று திருத்திவிட்டு அப்புறம் சொன்னார். "மேடம், நெகட்டிவ் ஹை தோ ரெஃபரல் கிஸ் பாத் கா?"

நோயே இல்லை என்கிறபோது எதற்கு ரெஃபரல் என்கிறார், மெயின்லேண்டில் பெரிய ஸ்கேனுக்கு அனுப்ப ஒரு காரணம் எழுத வேண்டும். என் ஆய்வுக்கூடத்து முடிவைக் காரணமாக எழுத முடியாது. அது ஆராய்ச்சி, மருத்துவச் சோதனை இல்லை. டாக்டர் நல்ல மனிதர், ஆந்திராக்காரர். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம். பேப்பருக்குப் புரியாது" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. இதே விதியைக் கூட்டங்களில் மேஜை தட்டி ஆதரித்தவள் நான்.

மரைன் ஹில் பக்கம் ஒரு தனியார் இடத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தது. வெளியே வந்து நின்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும். தன் கப்பலைக் காட்டி, "பாத்தியா, அந்தா நிக்குது. நானும் அது மாதிரிதான், பெயிண்ட் அடிச்சா போதும்" என்றார். அன்று சாயங்காலம் மீன் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, நார்மல் வந்துவிட்டது என்று விருந்து வைத்தார். நான் பரிமாறினேன். அந்த ஸ்கேனுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்தால்தான் கட்டி என்று பெயர். அதற்கு முன்னால் அதற்குப் பெயர் இல்லை, ஆனால் அது இருக்கும். இதை எத்தனை மேடையில் படம் போட்டு விளக்கியிருப்பேன்? என் வீட்டு ஹாலில் ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

சொந்தமாகவே சென்னைக்குப் போய்ப் பெரிய ஸ்கேன் எடுக்கலாம் என்றேன். மழை முடியட்டும் என்றார். மழை முடிந்தது. கப்பல் பழுதுபார்க்க டிரை டாக் போகட்டும் என்றார். போனது. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டு, நான் பேச்செடுத்தாலே எழுந்து தோட்டத்துக்கு நீர் விடப் போய்விடுவார். கோபித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒரு நாள் வாளியைப் போட்டு உடைத்தேன். "ரிப்போர்ட்டுல இல்லாத நோய்க்கு நான் எதுக்கு மெயின்லேண்ட் போகணும்?" என்பார். அந்தக் குரலில் ஜெட்டியில் நின்ற பிள்ளை இருந்தான். அவனிடம் எனக்குப் பேசத் தெரியவில்லை.

6

இந்த வாரம் கப்பல் நாள். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். ஜிலேபி டப்பாவோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். மௌசுமிக்கு இரண்டு. போன வருடம் அவள் வாங்கிய திட்டுக்கு ஈடாம். பிறகு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எடு கலா."

எடுத்தேன். கை மெலிந்திருந்தது. எஞ்சின் ரூம்காரர் கை, கட்டுகிற ரப்பர் பட்டையின் நீளம் எப்போதும் போதாது. இந்த முறை பட்டையில் ஒரு சுற்று மிஞ்சியது. அவரும் அதைப் பார்த்தார். 

மௌசுமி டியூப்பை வாங்கி, ஃப்ரீசரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். பெட்டியின் மூடியில் ஒரு தீவின் பெயர் எழுதியிருக்கும். அவர் பிறந்த தீவு. அந்தப் பெட்டியில் இருக்கும் நோயாளிகளின் ரத்தமெல்லாம் ஐஸ் பெட்டியில் அவருடைய கப்பலில்தான் வந்தது. அலை பெரிதாக இருந்த நாட்களில் அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மௌசுமி மூடியைத் திறந்தாள். நான் தடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை. உள்ளே கடைசி வரிசையில் அவர் பெயர் எழுதிய டியூப்கள் எல்லாம் வரிசையாக நின்றன. ஆறு மாதத்துக்கு முன்பு நார்மல் பெட்டியிலிருந்து நான்தான் மாற்றி வைத்தேன்.

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைப் புகை மாதிரிக் குளிர் மேலே வந்தது.

"அட," என்றார். "நம்ம தோட்டத்து ஆளுங்களோட உக்கார வச்சிட்டியா என்னைய?"

மௌசுமிக்கு என் திட்டுகளைத் தாண்டித் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் அந்த டியூப்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், தொடாமல். பிறகு மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஜிலேபி டப்பாவை எடுத்து மூடினார்.

"டிக்கெட் போடு கலா."

எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து, இரண்டு பேர் பெயரையும் போட்டு, போகிற தேதியைப் போட்டேன். மனம் மாறிவிடப் போகிறதே என்று அவசரம். அவர் வழக்கம் தெரியுமே, அதனால் கேட்காமலே அடுத்ததற்குப் போனேன்.

"வர்றது எந்தத் தேதிக்குப் போடட்டும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"போறது மட்டும் போடு" என்றார்.